ஞாயிறு, இரண்டு மணி முதல் இரண்டரை வரை

அக்டோபர் வரை வட்டி பூட்டியிருக்கிறது
என்றாள் வங்கிப் பெண்.
முன்னதாக முறித்தால்
பதினோராயிரத்து நானூறு டாலர்.
நாங்கள் முறித்துக்கொண்டதற்குச்
சல்லிக்காசு செலவில்லை.
மார்ச் மாதத்துச் செவ்வாய் ஒன்றில்
சமையலறையில் நின்றபடியே முடிந்துவிட்டது.

டங்கன் கீழறைக்கு இறங்கிப் போனான்.
பதினான்கு படிகள்.
ஃப்ரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு.
கடுகு சாஸ் பாட்டில் மட்டும்
கதவிலேயே நின்றது, யாரும் பங்கு கேட்காமல்.
ஜூலையில் குழாய் உறைந்த இரவு
இரண்டு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன.
டார்ச்சை நான் பிடித்தேன்.
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், ரோனா."
அந்த மாதத்துப் பேச்சு அவ்வளவுதான்.

மதிப்பீட்டாளர் வந்தார்,
ஷூவைக் கழற்றிவிட்டு,
கூடத்துத் தரையில் கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார்.
அது அவசரமே இல்லாமல்
துறைமுகத்தின் பக்கம் போயிற்று.
டனிடினில் எல்லா வீடும் இப்படித்தான் என்றார்.
மேட்டு மண் சரியாமல் இருக்க
பக்கவாட்டில் நாங்களே எழுப்பிய தாங்குசுவர்,
இரண்டு கோடை விடுமுறைகள்,
நூற்றுப் பதினெட்டுக் கற்கள்,
என் இடது கட்டைவிரல் நகம்.
அவர் தாளில்: 'சுவர் - உள்ளது.'
எதிரே தொகைக் கட்டம் காலி.

முன்பணம் என்னுடையது,
பிஸ்கட் ஆலையை மூடியபோது கையில் தந்த இழப்பீடு.
ஹீட் பம்ப் அவனுடையது.
கூரைக்குச் சாயம் அடித்த அவன் தம்பிக்கு
நான் ஆக்கிப்போட்ட மூன்று வாரச் சாப்பாட்டை
எந்தப் பத்தியில் எழுதுவது என்று
வக்கீல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
ஒற்றைச் சம்பளம் இந்தக் கடனைத் தாங்காது
என்று இருவருக்கும் தனித்தனியே,
அதே புன்னகையோடு சொல்லிவிட்டது வங்கி.
அறிக்கைத் தாளில் மாதம் தவறாமல்
பற்று, பற்று, பற்று.
ஏழு வருடமாக.
அசல் அப்படியே இருக்கிறது,
கரைந்தது வேறு.

ஆகவே விற்பனை.
வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் அரைமணி
நீங்கள் இருவரும் கண்ணில் படக் கூடாது,
கழிவறை மூடி மூடியிருக்க வேண்டும்
என்றாள் ஏஜென்ட் ஜோசலின்.
தெற்குக் காற்று, மழை.
என் கார் ஒர்க்‌ஷாப்பில்.
அவன் காரில் ஏறினேன், பின்சீட்டா முன்சீட்டா என்று
ஒரு கணம் நின்றுவிட்டு.

சரிவின் அடியில்,
சக்கரத்தை நடைபாதைக் கல்லுக்கு ஒடித்து,
ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினான்.
கண்ணாடியில் படிந்த ஆவியை
அவன் அவன் பக்கம் துடைத்தான், நான் என் பக்கம்.
பச்சைக் குடை ஒன்று.
குழந்தையோடு மூன்று பேர்.
ஒருத்தி வாசல்வரை வந்து
போனில் யாரிடமோ சிரித்துவிட்டு
உள்ளே நுழையாமலே திரும்பினாள்.
எனக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது?
விற்றால் போதும் என்றவள் நான்தான்.

அப்புறம் ஓர் இளம் ஜோடி.
அவள் கோவாய் மரத்து மஞ்சளை அண்ணாந்து பார்க்க,
அவன் தாங்குசுவரின் அருகே போய்
ஷூ நுனியால் ஒரு தட்டு தட்டினான்.
மறுபடியும், பலமாக.
டங்கன் கை கதவுப்பிடிக்குப் போய்விட்டது.
"நம்ம சுவரை உதைக்கிறான், பார்."

நம்ம.
ஆறு மாதமாக வரும் கடிதங்களில்
'எமது கட்சிக்காரர்' உண்டு,
'தங்கள் கட்சிக்காரர்' உண்டு.
நான் திருத்தவில்லை.
அவனும் தான் சொன்னதைக் கேட்டதாகக்
காட்டிக்கொள்ளவில்லை.
சுவர் அசையவில்லை. அந்தப் பையன்
அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

இரண்டரைக்குக் குடைகள் இறங்கி வந்தன.
ஜோசலின் வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்தினாள்,
யாருக்கென்று தெரியாமல்.
டங்கன் பெட்ரோல் முள்ளைப் பார்த்தான்.
நான் பர்ஸைத் திறந்தேன்.
"விடு," என்றான்.
கப் வைக்கும் குழியில் ஐந்து டாலர் நோட்டை வைத்தேன்.
மேடேறி முடியும்வரை
அது அங்கேயே கிடந்து
ஹீட்டர் காற்றில் ஓரம் துடித்தது.