கூடம் கோணல்

குரோனிங்கனில் மழை நேராகப் பெய்வதில்லை.
கடற்காற்று அதைச் சாய்த்துவிடுகிறது.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
நிலவறைக்கு இறங்குகிறாள் ஷௌக்கியே போஸ்துமா.
முப்பத்தேழு கெட்டுப்போயின.
இது முப்பத்தெட்டு.

ஒரு கிராஃபைட் கட்டி, ஒரு சுருள் டேப்.
ஒட்டு, உரி. ஒட்டு, உரி.
உரித்துக்கொண்டே போனால் கடைசியில்
ஓர் அணு கனத்தில் ஒரு தாள் மிஞ்சும்:
சிலிக்கான் சில்லின் ஊதாவில்
கொஞ்சம் கூடுதலான ஊதா, அவ்வளவுதான்.
நூறு பங்கு ஒளி விழுந்தால்
இரண்டு சொச்சத்தை விழுங்கிவிடும்;
அந்த ஒல்லி உடம்புக்கு அது பெருந்தீனி.
இரண்டு தாள் என்றால் நாலரை.
அவள் கண் கருவி இல்லாமலே எண்ணப் பழகிவிட்டது.
ஒன்று. இரண்டு. இதுவும் ஒன்று.
இது தூசி.

ஒரு தாளைப் பாதியாகக் கிழித்து
மேடையைத் திருப்பி
பாதியின்மேல் பாதியை இறக்க வேண்டும்.
நிறையத் திருப்பினால் நிறமே மாறும், கண்ணுக்குத் தெரியும்.
அவளுக்கு வேண்டியதோ
ஒரு டிகிரி, அதன்மேல் பத்தில் ஒரு பங்கு.
நிமிட முள் அவ்வளவு நகரப்
பதினொரு வினாடி ஆகும்.

"பதினொரு வினாடியில் என்ன மாறிவிடும்?"
ஹீலியம் உருளையைத் தள்ளிவந்த ட்யேர்ட் கேட்டார்.
அவரை மேலே கூட்டிப்போய்
கால்வாய்க்கு எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டினாள்.
துவைத்து மாட்டிய வலைத்திரைகள் இரண்டு,
ஒன்று சற்றே கோணல்.
நெய்தவர் நெய்யாத பெரிய பெரிய வட்டங்கள்
துணிமேல் எழுந்து நீந்தின.
"என் வீட்டிலும் இருக்கிறது," என்றார்,
"இருபது வருஷமாக அழுக்கென்று நினைத்தேன்."

தாள்களுக்கு நேராகப் படுக்கத்தான் ஆசை.
கொஞ்சம் சூடு காட்டினால்
நழுவி, பழைய ஒழுங்குக்கே திரும்பிவிடும்.
ஏழாவது அப்படித்தான் போனது.
பத்தொன்பதாவதில் காற்றுக் குமிழ்.
முப்பத்தொன்று எல்லாம் சரியாக வந்து
அவளுடைய கம்பளிச் சட்டையின் ஒரு பொறியில் கருகியது.
அன்று அவள் இரண்டு மணி நேரம்
யாரோடும் பேசவில்லை.

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இந்த ஆய்வுக்கூடத்தில் புகார் தலைகீழ்:
கோணல் போதவில்லை.
தனித் தாளில் எலக்ட்ரான்கள்
எடையே இல்லாததுபோல் விரைகின்றன,
ஒன்றை ஒன்று ஏறிட்டும் பாராமல்.
தரை சரியான அளவு கோணினால்தான்
கால் தளர்ந்து, ஏறக்குறைய நின்று,
பக்கத்தில் இன்னொன்று இருப்பதைக் கவனிக்கின்றன.
பிறகுதான் ஜோடி.
பிறகுதான் ஆட்டம்.

இரவு முழுக்கக் குளிர்வித்தாள்.
முழுப் பூஜ்யத்துக்கு மேலே இரண்டு டிகிரிகூட இல்லை.
மின்தடைக் கோடு தயங்கி
படி தவறியவன்போல்
விழுந்தது.
கம்பி கழன்றிருக்கும் என்றாள் தனக்கே.
சூடேற்றினாள்: கோடு எழுந்தது.
குளிர்வித்தாள்: விழுந்தது.
மறுபடி.
மறுபடி.
மற்ற கம்பிகளுக்கிடையே ஒன்றுமில்லை, வெறும் தாள்;
அங்கெல்லாம் கோணம் பிசகியிருந்தது.
நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே மட்டும்,
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில்,
தடையே இல்லாத ஒரு தெரு.

மேலே வந்தாள். காற்றில் சைக்கிள் விழுந்துகிடந்தது.
ட்யேர்ட் காலி உருளையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.
"வந்ததா?"
"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்," என்றாள்,
குரல் கம்ம.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"அப்படியானால் நீ தூங்கவே இல்லையா?"