கடைசிச் செம்பு

தடாவில் போர்வெல் தண்ணீர்
வாளி விளிம்பில் வெள்ளையாய்ப் பூக்கும்.
என் தலையிலும் அதே பூ.

ஐந்தே கால் பஸ்ஸுக்கு
ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடுவேன்.
எட்டு மணி நேரம் கம்பெனித் தொப்பி.
கழற்றினால்
மழை நாளில் மடித்து வைத்த துணியின் வாடை.

"ராத்திரியே குளி, ஈரத்தலை கட்டொத்து"
மேல் கட்டிலிலிருந்து நூக்கரத்தினம்,
பாதி தெலுங்கில்.
சீப்பை மட்டும் தரமாட்டாள்.
பிளாஸ்திரி ஒட்டி அதில் பேர் எழுதியிருப்பாள்.
அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது,
'தொடாதே' என்பது மட்டும் விளங்கும்.
அதற்காகவே ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை நான்.

ஞாயிறு,
வார்டன் கேன்களை எண்ணிவிட்டுப் போனதும்
குடிதண்ணீரில் ஒரு செம்பு
நைட்டி மடிப்பில் மறைத்து வந்தாள்.
குனியச் சொன்னாள்.
நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து,
போர்வெல்லில் அலசி,
கடைசியாக அந்தச் செம்பு.
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
மீதி அவளுக்கு.

மொட்டை மாடியில்
இரண்டு தலைகளையும் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.
கீழே கம்பெனி வேன் ஹாரன்.
ஓவர்டைமுக்கு ஆள் தேடுகிறார்கள்.

நான் எழுந்தேன்.
அவள் என் பின்னங்கழுத்தில் கை வைத்துப் பார்த்து
"இன்னும் காயலை" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன்.