நாற்பத்தொன்று புள்ளி மூன்று

அலாரம் காலை ஏழு பத்துக்கு.
அதற்குள் ஒளி வளையத்தின் மறுபக்கமாய்த் திரும்பிவிட்டது.
நரினில் ஒருவரும் கவனிக்கவில்லை.
மாஸ்கோவிலிருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்த யாருக்கோ
ஒரு சொல்லின் வால் மட்டும் அறுந்திருக்கலாம்.

இனி எல்லாம் ஒற்றைக் காலில்.
அந்தப் பக்கமும் போனால் பள்ளத்தாக்கே ஊமை.

இழைக்குள் ஒரு துடிப்பை அனுப்பினேன்.
வழியெல்லாம் கண்ணாடி முணுமுணுத்தது.
திடீரென ஓர் உச்சி, அப்புறம் வெறும் இரைச்சல்.
41.3 கிலோமீட்டர் என்றது திரை.

துருஸ்பெக் வண்டியை நிறுத்திய இடத்தில்
பனி, ஒரு குதிரையின் குளம்படி.
வேறெதுவுமில்லை.
சாலையைவிட இழை நீளம்;
இணைப்புப் பெட்டிகளில் சுருண்டு கிடக்கும் மீட்டர்களைக்
கழிக்க மறந்திருந்தேன்.

நானூறு மீட்டர் பின்னால், மேட்டில்,
மண்தோண்டி இயந்திரமும் ஆறேழு ஆண்களும்.
உறைந்த நிலம் மண்வெட்டிக்கு மசியவில்லையாம்.
பாதி வெட்டிய குழியின் சுவரில்
கறுப்பு உறை பிளந்து
பன்னிரண்டு வண்ண நூல்கள்.
"அண்ணனுக்கு" என்றார் ஒருவர்.
அபராதத் தாளை வண்டியிலேயே விட்டேன்.

குழியைச் சுற்றிப் போக ஒன்பது மீட்டர் புதுக் கேபிள்.
கூடாரத்துக்குள் விரல்கள் மரக்க
உரித்து, துடைத்து, வெட்டி,
மின்பொறியில் முனைகளை உருக்கி...
ஏழாவது இழை அடம்பிடித்தது. மூன்றாம் முறைதான்
இழப்பு 0.02.

வெளியே தொழுகைக்கு வரிசை நின்றதும்
ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன்.
ஐந்து இழை பாக்கி.
"ஜில்திஸ், எப்போது முடியும்?" கட்டுப்பாட்டறை.
"இவர்கள் முடித்ததும்."

மலைக்கு அப்பால் ஒளி
ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.