கடைசி நடை

சனிக்கிழமை, எமரால்டு அணை, காலை ஏழே முக்கால்.
புல்லில் உறைபனி.
‘பன்னிரண்டு பேர் மட்டும்’ என்று
கூரைத் தகரத்தில் எழுதியிருக்கும் படகுக்கு
கணக்காகப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம்
வழியனுப்ப.

நான் ஈரோடு.
காரைக்கால் அப்துல் லத்தீப் கப்பல்களாகப் பார்த்தே பழகியவர்,
‘இவ்வளவுதானா’ என்று சிரித்துவிட்டு
கொஞ்சம் கழித்துத் தொப்பியைக் கழற்றினார்.
வடக்கன்குளத்து அண்ணன் தம்பி
இன்னாசியும் சவரியும்
டேப் பிடித்து மறுபடி அளந்தார்கள்:
இருபத்தாறடி நாலங்குலம்.
போன வருஷமும் அதேதான்.
மஞ்சூர் ஆஸ்பத்திரி ரெஜினா
இரவுப் பணி முடித்து, ஸ்வெட்டருக்குள் யூனிஃபார்மோடு,
இஞ்சின் இருமலைப் பதிவுசெய்ய
போனை ஒரு கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு.

இதில் உனக்கு என்ன வேலை
என்று வீட்டில் கேட்கிறார்கள்.
ரயிலுக்கு ஆள் உண்டு,
பழைய பஸ்ஸுக்கு ஆள் உண்டு,
இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பதினோரு நிமிடம்
டீசல் நாற்றத்தோடு போய்வரும் ஒன்றுக்கும்
இப்படிப் பன்னிரண்டு பேர்.
இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சின்னத்தாரா.
தாரா என்றால் வாத்து.
இல்லை, முதல் டிரைவரின் இளைய மகள் என்கிறார் ஹாலன்,
இப்போதைய டிரைவர், கடைசி டிரைவர்.
பெயர் எழுதியவனுக்கு இடம் போதவில்லை.
கடைசித் துணைக்கால் மட்டும்
முனையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருக்கும்,
தண்ணீரின் குளிரைப் பார்க்க
ஒரு காலை வெளியே விட்டதுபோல.

சாமந்தி மாலையை முகப்பில் கட்டினோம்.
வழி மறைக்குது என்று ஹாலன் அவிழ்த்து
மிதவை வளையத்தில் மாட்டினார்.
கயிற்றில் கை வைத்தார்.

அப்போதுதான் சீகை மரங்களுக்கு நடுவிலிருந்து
‘நில்லுங்க’ என்று ஒரு குரல்.
மாதி.
தலையில் ஒரு மூட்டை விதைப்பூண்டு,
பின்னால் பையன் தோளில் இன்னொன்று.
பையன் மூட்டையை இறக்கிவிட்டு
பள்ளிக்கூடப் பக்கம் ஓடிவிட்டான்.

ஹாலன் மூட்டைகளைப் பார்த்தார்.
எங்களைப் பார்த்தார்.
‘மூணு பேர் இறங்கணும்.’
டிக்கெட் வாங்கியிருக்கோம் என்றான் சவரி.
‘அந்தம்மா அக்கரைக்குப் போகணும்.
நீங்க?’

தியாகமெல்லாம் இல்லை.
படியோரம் உட்கார்ந்திருந்தேன், இறங்கினேன்.
லத்தீப் இறங்கினார்.
டேப்பை அண்ணனிடம் கொடுத்துவிட்டு
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சவரி.

என் இடத்தில் பூண்டு மூட்டை உட்கார்ந்தது.
மாதி மாலையைப் பார்த்து
‘யாருக்குக் கல்யாணம்?’ என்றாள்.
படகுக்கு இன்றோடு ஓய்வு என்றார்கள்.
‘அப்பாடா,
திங்கக்கிழமையிலிருந்து மினிபஸ்.
நனைஞ்சு நனைஞ்சு
பாதிப் பூண்டு இதிலேயே முளைச்சிருக்கு.’

இஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

நாற்பத்தொரு முறை அதில் போயிருக்கிறேன்.
கரையில் நின்று
அது போவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.
போகும்போது இடப்பக்கம் சாய்கிறது
என்பதே தெரியாது எனக்கு.
முதலில் கூரை எழுத்து மங்கியது,
பிறகு மாலையின் மஞ்சள்,
பிறகு மூடுபனிக்குள்
சத்தம் மட்டும் படகாக இருந்தது.
அதுவும் போன பிறகு
அதன் அலை வந்தது, அவசரமில்லாமல்,
சவரியின் செருப்பை நனைத்தது.
அவன் காலை எடுக்கவில்லை.

அக்கரையில் மின்வாரியக் கொட்டகைக்குள்
சின்னத்தாராவை ஏற்றிப் பூட்டினார்களாம்.
போன ஒன்பது பேரும்
திரும்ப ஒன்பது கிலோமீட்டர் நடை,
ஜல்லி கொட்டிய புது ரோட்டில்.
நாங்கள் மூவரும் அதற்குள்
அணைக்கட்டுக் கடையில் இரண்டு டீ குடித்தோம்.

ஞாயிறு இரவு ரெஜினா அந்தப் பதிவை அனுப்பினார்.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
பதினோரு நிமிடமும் மாதிதான்:
மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலை,
கமிஷன் எவ்வளவு, எவன் ஏமாற்றினான்.
அடியில்
இருமிக்கொண்டே
அவளைக் கூட்டிப்போகிறது இஞ்சின்.