முப்பத்தோராம் தொட்டி

மர்ஃபி டவுனில் நேற்றிரவு நல்ல மழை.
தகரக்கூரை ஓரத்து நீல டிரம் நிறைந்துவிட்டது.
போர்வெல் தண்ணீர் இவற்றுக்கு ஆகாது, சுண்ணாம்பு.
காவிரி முறைவைத்து வரும், குளோரின் வாசத்தோடு.
இவற்றின் ஆற்றுக்கு
மழைதான் ஏதோ தூரத்து உறவு.

அதில் வாதுமைச் சருகைப் போட்டு
டீ நிறம் வரும்வரை காத்திருப்பேன்.
கீழ்வீட்டு சகாயராணி தெருவில் பொறுக்கி
என் படியில் வைத்துவிட்டுப் போகிறாள்:
"உங்க மீனுக்குக் கஷாயம்."

குள்ள சிக்லிட். சுண்டுவிரல் நீளம்.
அதற்குள் இத்தனை:
இரட்டைச் சிவப்பு, முச்சிவப்பு,
வாலில் மட்டும் தீப்பிடித்தது,
சொட்டுநீலம் கரைத்தாற்போல் ஒன்று.
தொடங்கியபோது பட்டியல் ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் அடங்கியது.
இப்போது நோட்டு தீர்ந்து ஓரங்களில் எழுதுகிறேன்.
பெயர் வைக்க இன்னும் ஆள் வராததால்
வெறும் எண்ணோடு வந்து இறங்குகிறவையும் உண்டு,
எந்த ஓடையில் பிடித்தது என்ற குறிப்போடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்
தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்து
"இது என்ன ஜாதி?" என்றார்.
மீனைத்தான் கேட்டார்.
இருந்தும் என் வாய் ஒரு நொடி தாமதித்தது,
வாடகை வீடு தேடிய காலத்து வாய்.

அவர் காட்டியது ஒரு சாம்பல் நிறத்தான்.
முச்சிவப்புக் குஞ்சுகளோடு பிறந்து
சிவப்பு எட்டாமலே வளர்ந்துவிட்டவன்.
ஆற்றில் வலை விழுந்த அன்று
அவன் முப்பாட்டனும் இப்படித்தான் இருந்திருப்பான்.
சிவாஜி நகர்க் கடையில் காட்டியபோது
ரஹ்மத்துல்லா விலைகூடச் சொல்லவில்லை.
"கழிச்சுடுங்க சார், இடத்தை அடைக்கும்."

கழிக்கவில்லை. இரக்கமெல்லாம் இல்லை,
முப்பத்தோராம் தொட்டி காலியாக இருந்தது.
இரண்டு சிவப்பு ஆண்களைத் துரத்தியடித்த
ஒரு பெண்ணும் என்னிடம் மிச்சமிருந்தாள்.

இன்று காலை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்:
கொட்டாங்குச்சி வாசலில் அவள்,
உடம்பெல்லாம் மஞ்சளாகி, கண்ணைச் சுற்றி மை கறுத்து.
அவளுக்குப் பின்னால் தண்ணீர் லேசாக நடுங்குகிறது.
உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் இரண்டு கண்கள்.
அறுபதா, எழுபதா. எண்ண விடவில்லை,
கண்ணாடியில் வைத்த என் விரலை வந்து முட்டுகிறாள்.

அப்பன்காரன்
ஃபில்டர் பஞ்சுக்குப் பின்னால், செதில் கிழிந்து,
வீட்டைவிட்டு விரட்டப்பட்டு நிற்கிறான்.

நோட்டின் ஓரத்தில் எழுதினேன்:
தொட்டி 31. தேதி. மழைநீர்.
நிறம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் புள்ளியாயிற்று.
அப்படியே விட்டுவிட்டு
இரண்டாவது டிரம்மைக் கழுவப் போனேன்.
மேற்கே மறுபடியும் இருட்டுகிறது.