எர்த்

ஊபி ரோடு, ஆறாவது மாடி.
ஞாயிறு. கப்பல் பட்டறைக்கு லீவு.
சுவர்ப் பலகையைக் கழற்றுகிறார் இசக்கிதுரை.
டார்ச் பிடிக்கிறார் வீ லியாங், பல்லிடுக்கில் டேப்.

லாகு மொழி ஜெபங்களுக்கு அடியில்
பதினோரு வருடமாய் ஓர் இரைச்சல்,
ம்ம்ம்ம் என்று.
மைக்கை மாற்றிப் பார்த்தார்கள்,
உபவாசம்கூட இருந்தார்கள்.

பச்சை மஞ்சள் வயர் ஒன்று
எதையும் தொடாமல் சுருண்டு கிடந்தது.
முறுக்கி இறுக்கினார்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாலே
தன் மூச்சு தனக்கே கேட்டுவிட
பாதி வசனத்தில் நிறுத்திவிட்டாள்.

கூலி: பையில் கட்டிய கோப்பி, இரண்டு கறிபாப்.
"நான் சர்ச்சுக்குப் போறவன் இல்லீங்க."
"தெரியும், சாப்பிடுங்க."

மூன்று மாதம் கழித்து மலையிலிருந்து கடிதம்:
இப்போது எல்லாம் தெளிவு.
ஆனால் ஜெபத்தோடு வருமே, அந்தத் தேனீ,
அதற்கு என்ன ஆயிற்று?

வீ லியாங் போனில் சொல்லச் சொல்ல
ஸ்பேனரைக் கைமாற்றிக்கொண்டே நின்றார்
இசக்கிதுரை.