ஒன்பது குப்பிகள்

படிவத்தில் ஒரு கட்டம்:
கரையின் பயன்பாடு. ஒன்றை மட்டும் குறிக்கவும்.

முதல் குப்பி, டார்கில் மேடு.
உம்கேனியை அங்கே ஆறென்று சொன்னால்
அதுவே நம்பாது.
புல்லுக்கடியில் ஈரம்,
காலைப் பிடுங்கும்போது ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
'சதுப்பு' என்று குறித்தேன்.
தள்ளி நின்ற கொக்கு
என்னை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டில் பால்மாடுகள்.
மூன்றில் மிட்மார் அணை.
நான்கில் ஹாவிக் அருவி:
ஆறு விழுந்து உடைகிறது,
எட்டிப் பார்க்க வந்தவர்களுக்கு
ஒருவன் சிப்ஸ் விற்கிறான்.

ஐந்தில் யூகலிப்டஸ்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல வரிசையில் நின்று
உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

ஆறில் கரும்பு.
கரும்பு என்று எழுதும்போது மட்டும்
என் கை மெதுவாகிறது.
வண்டியை அணைக்காமல் காத்திருக்கும் பெகானி
ஏன் என்று கேட்டதில்லை.

ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில்
ஒரே வளைவில்
போர்வை துவைக்கும் பெண்கள்,
மணல் அள்ளும் லாரி,
இடுப்பளவு நீரில் வெள்ளை அங்கியோடு
ஞானஸ்நானத்துக்கு நிற்பவர்கள்,
அவர்களுக்குக் கீழே தண்ணீர் குடிக்கும் ஆடுகள்.
ஒன்றை மட்டும் குறிக்கவும்.
சோப்பைக் குறித்தேன்.
அங்கி நனைந்த ஒருத்தி
மன்னித்தது போலக் கையசைத்தாள்.

எட்டு, ஸ்பிரிங்ஃபீல்ட்.
ஆறு அலுத்துப்போய் அகலமாகப் படுக்கும் இடம்.
கிடங்கு, டயர் கடை, கார்கள் வெயிலில் விலையோடு.
கழிவுக் குழாய்க்கும் வேலிக்கும் இடையில்
பாய் விரிக்கும் அகலத்தில்
யாரோ கீரை போட்டிருந்தார்கள்.
காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்,
ஆற்றுத் தண்ணீர்.
'வணிகம்' என்று குறித்துவிட்டு
பக்கத்தைத் திருப்பினேன்.
காட்டிக்கொடுக்கக் கட்டம் ஏதும் இல்லை.

ஒன்பதாவது, ப்ளூ லகூன்.
கடல் ஏறிக்கொண்டிருந்தது.
தூண்டில்காரர்களின் கால்களைச் சுற்றி
ஆறு
வந்த வழியே திரும்பி நடந்தது,
எதையோ மறந்து வைத்தது போல.
ஓட்டத்தின் திசை?
'மேற்கு' என்று எழுதினால் ஆய்வகத்தில் சிரிப்பார்கள்.
எழுதினேன்.

டர்பனுக்குள் நுழைகையில் பெட்டியில் ஐஸ் உருகி
இரண்டு குப்பிகளின் சீட்டு கழன்றிருந்தது.
இரண்டும் ஆறிய டீயின் நிறம்.
சிக்னலில் பெகானி ஒன்றைத் திறந்து முகர்ந்தான்.
"மாடு."
அடுத்தது.
"போர்வை."

இரண்டு, ஏழு.
ஒட்டிவிட்டேன்.
நாளை இயந்திரம் இதையே
தசமப் புள்ளி வைத்துச் சொல்லும்.